மன்னார் வளைகுடா: போனது முத்தா, முத்து விளைந்த தரையா?

“மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முத்துக் குளித்தார்கள் என்று படிக்கிறோம். இன்று முத்தும் இல்லை, ஆவுளியா எனப்படும் கடற்பசுவைக் கண்ணால் கண்டவர்களும் அரிது, மீன்பாடும் முன்போல் இல்லை என்கிறார்கள். அந்தக் கடல் அழிந்துவிட்டதா, அல்லது கடலில் வழக்கமாக வந்துபோகும் ஏற்ற இறக்கம்தானா இது?” என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பதில் தெளிவாகிவிடும். முத்துச் சிப்பி திரளாக வருவதும் திடீரென இல்லாமற்போவதும் அந்தக் கடலின் தொன்றுதொட்ட இயல்பு. அதற்கு மனிதனின் கை பெரும்பாலும் காரணமன்று. கடந்த 60, 70 ஆண்டுகளில் நேர்ந்திருப்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. சிப்பி ஒட்டுவதற்கும், புல் வேர்விடுவதற்கும், மீன்குஞ்சு ஒளிந்து வளர்வதற்கும் இடமாக இருந்த கடல்தரையே பல பகுதிகளில் சிதைந்திருக்கிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கும் வயலே பறிபோன ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு இது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன; ‘இருந்தன’ என்று ஏன் எழுதுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பாம்பனுக்குத் தெற்கே விரிவது மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பாக் விரிகுடா. இராமேசுவரத் தீவின் மீனவர்கள் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே ஆழமும் அலையும் மிகுதி. வடக்கே பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாத, மணலும் சேறும் படிந்த தட்டையான கடல். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன; இன்று கடற்பசு மேயும் பாக் விரிகுடா முழுவதும் வெறும் தரை. பனி உருகிக் கடல் ஏறிய பிறகுதான் இன்று நாம் காணும் புல்வெளிகளும் பவளப்பாறைகளும் இங்கே குடியேறின. பாம்பன், மண்டபம் கரைகளில் சில இடங்களில் இன்றைய அலைமட்டத்துக்கு மேலே செத்த பவளக்கல் தளமாக நிற்பதைக் காணலாம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்னும் சற்று உயர்ந்து நின்ற காலத்தில் உயிரோடு வளர்ந்தவை அவை. குனிந்து பார்த்தால், தேனடையின் கண்ணறைகள்போல் ஒவ்வொரு பவள உயிரியும் குடியிருந்த சிறுகுழி அப்படியே இருக்கும். விரல்நுனியால் தடவினால் அதன் உள்வரிகள்கூட உறுத்தும். ஆகவே இந்தக் கடல் மாறாமல் நின்றதே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

இனி முத்துக்கு வருகிறேன். கடலடியில் மணலுக்கு நடுவே தட்டையாகப் படர்ந்து கிடக்கும் கல்தளத்தை நெய்தல் மக்கள் ‘பார்’ என்கிறார்கள். தூத்துக்குடிக்கு வெளியே உள்ள தொலாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. இலங்கைக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஊர்களுக்கு நேரே வேறு பல பார்கள் உள்ளன. முத்துச் சிப்பியின் குஞ்சு முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரியும். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ஏதேனும் ஒரு திண்மையான பொருளைப் பற்றிக்கொண்டாக வேண்டும். அதற்காக அது தன் காலிலிருந்து பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகளைச் சுரந்து கல்லோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. பற்றுவதற்குப் பார் கிடைத்தால் பிழைக்கும். வெறும் மணலில் விழுந்தால் புதைந்துபோகும். முத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் பாடின, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல், பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட அத்துறையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்று குறிக்கிறது. அந்தக் கொற்கை இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாழையும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. பின்னர் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இந்தப் பார்களுக்காகப் போட்டியிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்றே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் அழைக்கும் அதன் எஞ்சிய சுவர்களைக் கடல் இன்று அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பெருமைக்காலத்திலும் முத்து ஆண்டுதோறும் கிடைத்ததில்லை என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். 1891க்குப் பிறகு இலங்கைப் பார்கள் பத்தாண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. காரணம் கண்டறிய ஆங்கில அரசு 1902ஆம் ஆண்டு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை வரவழைத்தது; அவருக்கு உதவியாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். அவர்கள் கண்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இலங்கைப் பக்கத்தில் ‘பெரிய பார்’ என்று பெயர்பெற்ற பாரைப் பற்றியது. கரையிலிருந்து 20 மைலுக்கு அப்பால், கடல்தரை சடாரென்று பாதாளத்தில் இறங்கும் விளிம்பில் அந்தப் பார் நீண்டு கிடக்கிறது. 1902 மார்ச்சில் அவர்கள் அங்கே சென்றபோது இளஞ்சிப்பிகள் தரை தெரியாதபடி அப்பிக் கிடந்தன. 7 சதுர மைல் பரப்பில் குறைந்தது 10,000 கோடிச் சிப்பிகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவ்வளவையும் விளிம்புக்கு அப்பால் ஆழத்துக்கு வாரிக்கொண்டு போயிருந்தது.

இது அந்த ஓராண்டு விபத்தன்று. பெரிய பாரில் ஆண்டுக்காண்டு இளஞ்சிப்பி வந்து குவிவதும் மறைவதுமாக இருந்ததால், அங்கே பிறந்து கரைப்பக்கத்துப் பார்களுக்கு இடம்பெயர்கின்றன என்று எண்ணி உள்ளூர் மக்கள் அதைத் ‘தாய்ப் பார்’ என்று அழைத்தார்கள். ஹெர்ட்மேன் அதை மறுத்தார். கல்லோடு கட்டிக்கொண்ட சிப்பி 20 மைல் நகராது, அங்கே விழுந்தவை அங்கேயே மடிந்தன என்று எழுதினார். அந்த மறுப்பு சரியானதுதான். என்றாலும் உள்ளூர்க்காரர்களின் கவனிப்பையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வருவதையும் மறைவதையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் அவர்கள்தாம், விளக்கத்தில் மட்டுமே தவறினார்கள்.

பிறகு கடல் மனம் மாறியது. 1903 முதல் சிப்பி மீண்டும் விளைந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் ஏறத்தாழ 5,000 பேர் கடலில் இறங்கி 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ மூச்சடக்கி, கைக்கு அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு கயிற்றை இழுத்துச் சைகை காட்டும் முறையில் அவ்வளவும் எடுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். கீழக்கரை, தூத்துக்குடிக்காரர்களும் அரபுக் கரையிலிருந்து வந்தவர்களும் அருகருகே குளித்தார்கள். சுறா தீண்டாதபடி மந்திரித்து வாயைக் கட்டும் ‘கடற்கட்டி’க்குப் பங்கும் உண்டு. 1907க்குப் பிறகு மீண்டும் நெடும் வறட்சி. 1925 வரை இலங்கைப் பக்கம் குளிப்பே நடக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 1955இல் தொடங்கிய வரிசை 1961இல் முடிந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை.

சிப்பியை அழிப்பவை எவை என்று பார்த்தால், காற்றும் நீவாடு எனப்படும் கடல் நீரோட்டமும் மட்டுமல்ல. திருக்கை தன் தட்டைப் பற்களால் சிப்பியை நொறுக்கித் தின்னும். நட்சத்திர மீன் பிளந்து உறிஞ்சும். ‘சூரன்’ என்று குளிப்பவர்கள் சொல்லும் ஒரு வகை மட்டி, இழைகளைப் பாய்போல் பின்னிப் பாரையே மூடிச் சிப்பிக்கு மூச்சுமுட்டச் செய்துவிடும். இதில் ஒரு வியப்பான முடிச்சையும் ஹெர்ட்மேன் கண்டார். சிப்பியின் உடலில் புகுந்த நாடாப்புழுவின் இளம்புழுதான் முத்துக்குக் கருவாகிறது என்றும், அந்தப் புழு முதிர்வது சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் என்றும் அவர் கருதினார். அப்படியானால் சிப்பியின் பகைவனை ஒழித்தால் முத்தும் ஒழியும். பிற்கால ஆய்வுகள் இந்தக் கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. சிப்பியின் மேலுறைத் திசு எக்காரணத்தாலோ சிதைந்து உடலுக்குள் புகுந்தால் முத்துப்பை உருவாகும் என்பதே இன்றைய விளக்கம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியதும் அந்தத் திசுவை நட்டுத்தான். என்றாலும், ஓர் உயிரைத் தனியே எடுத்துக் காக்கவோ வளர்க்கவோ முடியாது, அதைத் தின்பதும் அதனுள் வாழ்வதும் சேர்ந்ததே அதன் வாழ்வு என்று ஹெர்ட்மேன் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து எழுதியது எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிகிறது.

இவ்வளவு நேரம் பேசியது, உயிர் வருவதும் போவதும். 10,000 கோடிச் சிப்பி அழிந்தபோதும் பார் அங்கேயே இருந்தது. அடுத்த ஆண்டு வந்த குஞ்சுகளுக்கு அது மீண்டும் இடங்கொடுத்தது. இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று.

தூத்துக்குடிப் பகுதித் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் தொழிற்சாலை மூலப்பொருளாகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாக் கரைகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 250 கன மீட்டர் பவளக்கல் எடுக்கப்பட்டதாக அக்காலத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்ப்பார்கள். அந்தக் கல் வெறும் கல்லன்று. மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட பருமனில் ஆயிரக்கணக்கான பவள உயிரிகள் வாழ்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் சமைத்த உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடுகின்றன. அந்த உணவின் பலத்தில்தான் பவளம் சுண்ணாம்பைக் கட்டிக் கட்டி உயர்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத கட்டிப் பவளங்கள் உண்டு. ஒரு வண்டிக் கல்லை நெம்பி எடுக்க அரைநாள் போதும். அது மீண்டும் அவ்வளவு உயர ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

பாறை போனதும் தீவு போயிற்று. இத்தீவுகள் மணலாலும் பவளத் துணுக்குகளாலும் ஆனவை. கடற்பக்கம் நிற்கும் பாறை அலையை உடைத்துத் தணித்து அனுப்பியதால்தான் அவை நிலைத்திருந்தன. அரண் இல்லாமற்போன பிறகு அலை நேரே மணலில் மோதியது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986ஆம் ஆண்டு 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; 1989ஆம் ஆண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. அரசு ஆவணங்களில் 21 என்ற எண் இன்றும் தொடர்கிறது. கடலில் எண்ணினால் 19தான். வான்தீவும் கரியாச்சல்லியும் அதே வழியில் சுருங்கிவந்தன. வான்தீவுக்கு முன்னால் 2015 முதல் சிமெண்ட்டால் செய்த செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். தீவின் அரிப்பு தணிந்ததோடு, அந்தச் சிமெண்ட் மேல் பவளக்குஞ்சுகளும் ஒட்டத் தொடங்கின. கரியாச்சல்லிக்கும் அந்த முறை இப்போது விரிவாக்கப்படுகிறது.

பவளம் 2001ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. அதன் விளைவைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடர்ந்து அளந்துவந்திருக்கிறார்கள். 2005 அளவில் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2009இல் 43 விழுக்காட்டை நெருங்கியது. கைவைக்காமல் விட்டாலே பாறை மீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் 2010 கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, பவளங்கள் வெளுத்து, பரப்பு 33 விழுக்காட்டுக்கு இறங்கியது. மறுபடியும் மெல்ல ஏறி 39 விழுக்காட்டை எட்டிய நிலையில் 2016ஆம் ஆண்டு வெப்பம் தாக்கி 23 விழுக்காட்டுக்குத் தள்ளியது. கிளைவிட்டு விரைந்து வளரும் மான்கொம்புப் பவளங்களே அதிகம் மடிந்தன. உருண்டையான கட்டிப் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. வெளுத்தல் என்பது சாவன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சூடு தாங்காத பவளம் தன்னுள் இருந்த நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்தது பாசி என்பதால், கண்ணாடிபோன்ற திசுவினூடே சுண்ணாம்பு எலும்பு வெள்ளைவெளேரென்று தெரிகிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பிவரும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் சாகும். இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை மீனவர் காற்றுக்காகக் காத்திருப்பதுபோலவே பவளமும் காத்திருக்கிறது. கச்சான் காற்று எழுந்து கடலைக் கலக்கியதும் நீர் தணிகிறது.

வடக்குக் கடலில் பாரின் இடத்தில் இருப்பது புல். கடற்புல் பாசியினம் அல்ல. வேரும் இலையும் பூவும் உள்ள, நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன தாவரம். மீனவர்கள் கடல்தாழை என்றும் சொல்வார்கள். அதன் கிழங்குத்தண்டு மணலுக்கடியில் வலைபோல் ஓடித் தரையைப் பிடித்து வைத்திருக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் கடல்குதிரையும் ஓரா மீனும் அதில்தான் வளர்கின்றன. அதை மேய்வது ஆவுளியா, அதாவது கடற்பசு. யானைக்குத் தூரத்து உறவான இந்த விலங்கினத்தின் முன்னோர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து நீருக்கு இறங்கினார்கள். குஜராத்தின் கட்ச் பகுதிப் பாறைகளில் ஆவுளியாவின் பழைய உறவினங்கள் பலவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மீசை முளைத்த தடித்த மேலுதட்டை மணலில் அழுத்தி, இலையை மட்டும் கறிக்காமல் வேரோடும் கிழங்கோடும் பிடுங்கித் தின்றுகொண்டே மெல்ல நகரும். அது போன வழி, புல்வெளியின் நடுவே ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில், நாலைந்து மீட்டர் நீளத்துக்கு வெறும் மணல் கோடாகத் தெரியும். முங்கிப் பார்ப்பவர்கள் விலங்கைக் காண்பது அரிது. இந்தக் கோட்டைத்தான் காண்பார்கள். உழவன் களையெடுத்த வரப்பைப் பார்த்தாற்போல் இருக்கும். அந்த இடத்தில் முதலில் முளைப்பவை மென்மையான, சத்து மிகுந்த சிறுபுல் வகைகள். அவற்றைத் தேடி ஆவுளியா திரும்பி வருகிறது. மேய்ச்சலே மேய்ச்சல்நிலத்தைப் பண்படுத்துகிறது.

ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தேவைப்படும் விலங்கு அது. 13 மாதச் சூல். ஒரு முறைக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. இப்படிப்பட்ட இனத்தை அழிக்கப் பெரிய வேட்டை தேவையில்லை. இதன் குளிர்நாட்டு உறவான ஸ்டெல்லரின் கடற்பசு, 1741ஆம் ஆண்டு பெரிங் கடல் தீவுகளில் இயற்கை அறிஞர் ஸ்டெல்லரின் கண்ணில் பட்டது; 1768க்குள் கடைசி விலங்கும் கொல்லப்பட்டுவிட்டது. 27 ஆண்டுகள்தாம் ஆயின. நம் கரையிலும் ஆவுளியாவின் இறைச்சிக்கு ஒரு காலத்தில் நல்ல விலை இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பட்டியலில் வைத்துக் காத்த பிறகு வேட்டை பெருமளவு ஒழிந்தது. வலையில் தற்செயலாகச் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாவது மட்டும் தொடர்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைக்கு நேரே 448 சதுர கிலோமீட்டர் கடலை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதைக் காட்டிலும் என் மனத்தை நெகிழ்விப்பது, வலையில் மாட்டிய ஆவுளியாவைக் கண்டதும் வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களின் எண்ணிக்கை கூடிவருவது. ஒரு வலை அறுந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பு என்பது கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

விலங்கைக் காக்கச் சட்டம் உண்டு. அது மேயும் தரையைக் காப்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். 1960கள் முதல் பெருகிய இழுவைமடி விசைப்படகுகள் இரும்புச் சங்கிலியும் கனத்த பலகைகளும் கட்டிய வலையைத் தரையோடு உரசி இழுக்கின்றன. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் இது புல்வெளியை உழுவதற்குச் சமம். இறால் கிடைக்கிறது, கூடவே விலைபோகாத காரல், நண்டுக்குஞ்சு, அட்டை, சங்கு, புல்வேர் எல்லாம் வாரிக்கொண்டு வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல ஏற்பாடு; மீன் பெருக அவகாசம் தருகிறது. ஆனால் பிடுங்கப்பட்ட புல் 61 நாளில் வேர்பிடிப்பதில்லை. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று பிரித்த பழைய ஏற்பாடும் மனிதர்களுக்கிடையே சண்டையைத் தவிர்க்கத்தான் உதவியது. தரைக்கு எல்லா நாளும் ஒன்றுதான். போர் முடிந்து மீண்டும் கடலுக்கு இறங்கிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள், இழுவைமடியால் தங்கள் வலைகளும் தங்கள் கடல்தரையும் பாழாவதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள். இலங்கை 2017ஆம் ஆண்டு அடித்தட்டு இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்த விவகாரத்தை இரு நாட்டுச் சிக்கலாக மட்டும் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. இரு கரையிலும் இருப்பவர்கள் தமிழர்கள், இரு கரைக்கும் தரை ஒன்று. கைதாகும் தமிழ்நாட்டு மீனவருக்காக நாம் பதறுவது சரியே. அதே பதற்றம் அறுந்துபோன வலையோடு கரையேறும் இலங்கையின் பேசாலை மீனவருக்காகவும் வர வேண்டும். ஆழ்கடலுக்கு மாறுவதற்குரிய படகும் பயிற்சியும் கடன் சுமையில்லாமல் கிடைத்தாலன்றி இழுவைமடிக்காரர்களும் விடமாட்டார்கள், விட முடியாது.

தரையை மூடும் இன்னொரு பொருளையும் குறிப்பிட வேண்டும். கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, உணவுத் தொழிலுக்குப் பயன்படும் கூழ்ப்பொருளுக்காக 1990களில் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்ப்பது பல குடும்பங்களுக்கு வருமானமாயிற்று. 2008ஆம் ஆண்டு குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அது படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. அதன் கனத்த கிளைகள் பவளத்தை மெழுகுபோல் மூடி வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. வெளிச்சம் இல்லையேல் உள்ளிருக்கும் நுண்பாசிக்கு வேலை இல்லை. கையால் பிடுங்கினாலும் ஒட்டியிருக்கும் சிறு துண்டிலிருந்து மீண்டும் தழைக்கிறது. முத்துச் சிப்பியை மூடிய சூரனை இது எனக்கு நினைவூட்டுகிறது. சூரன் அந்தக் கடலுக்குரியது, வந்த வழியே போய்விடும். இது நாம் கொண்டுவந்தது. இதற்கு நேர்மாறாக, இதே தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாக மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவரும் பெண்கள், மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். விரலில் துணிச்சுற்றும் காலில் தேய்ந்த ரப்பர்ச் செருப்புமாக அவர்கள் மூச்சடக்கி முங்குவதைப் பார்த்திருக்கிறேன். கல்லில் வேர் நின்றால்தான் அடுத்த பாசி என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். மன்னார் வளைகுடா அழிந்துவிடவில்லை. 117 வகைப் பவளங்கள் அங்கே பதிவாகியுள்ளன. ஆவுளியா இன்னும் மேய்கிறது. 2022இல் அப்பகுதி ராம்சர் சாசனத்தின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் சேர்க்கப்பட்டது. ஆனால் 1905இல் இருந்த கடல் அல்ல அது, 1961இல் இருந்த கடலும் அல்ல. இன்றைய இளம் மீனவர் தாம் முதன்முதலில் பார்த்த மீன்பாட்டையே இயல்பு என்று கொள்கிறார். அவருடைய பாட்டனாருக்கு அது பஞ்சமாகத் தோன்றியிருக்கும். ஆகவே ‘முன்பு எப்படி இருந்தது’ என்று கேட்கும்போது மீனின் எடையைக் கேட்பதைவிட, ‘எந்தப் பாரில் எது கிடைத்தது, அந்தப் பாரில் இப்போது வலை போட்டால் என்ன வருகிறது’ என்று பழைய சம்மாட்டிகளை, அதாவது படகு உரிமையாளர்களை, கேட்டு எழுதி வையுங்கள். கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் பனையையும் நேர்ப்படுத்திப் பார்த்துக் கடலுக்குள் ஒரு கல்தளத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் அறிவு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

முத்துக்குளிப்பு திரும்புமா என்பதற்கு என் கணிப்பு இது. வணிகத்துக்காக அது திரும்ப வேண்டிய தேவை இல்லை. வளர்ப்பு முத்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டு நெடுங்காலமாயிற்று. ஆனால் சிப்பி திரளாகத் திரும்பி வருமானால், அது பாரின் உடல்நலத்துக்கு ஒரு நற்சான்று. முத்துச் சிப்பிக் குஞ்சுகள் இன்றும் நீரில் மிதக்கின்றன. தூத்துக்குடிப் பகுதியில் நீரில் நெடுநாள் கிடக்கும் கயிற்றையோ மிதவையையோ மேலே இழுத்துப் பார்த்தால், கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளுக்கு இடையே நகக்கண் அளவுச் சிப்பி ஒன்றிரண்டு பச்சைப்பழுப்பு இழைகளால் தன்னைக் கட்டிக்கொண்டு இருக்கும். 1902இல் பெரிய பாரில் கிடந்த 10,000 கோடியின் இனந்தான் அதுவும். தொலாயிரம் பாரில் இன்று அப்படி ஒட்டுவதற்கு எவ்வளவு கல் மணல் மூடாமல், சேறு படியாமல், வலை உரசாமல் கிடக்கிறது என்பதை ஆண்டுதோறும் முங்கிப் பார்த்து அளக்கும் வேலையை, ஆங்கிலேயர் காலத்தில் முத்து வருவாய்க்காகச் செய்தது போலவே, நாம் பாருக்காகவே மீண்டும் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.